பிரதமர் வீட்டு ஃபியட் கார்... பாக்கிக் கடனைக் கட்டியது யார்?

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வந்தது குதிரை வண்டியில். 'நம்ம வீட்டுக்கும் ஒரு கார் வாங்கலாமே' என்று வீட்டில் பேச்சு எழுந்தது. எந்த நடுத்தரக் குடும்பத்திலும் எழக்கூடிய பேச்சுதான். ஆனால், அந்த வீட்டின் குடும்பத் தலைவர் அப்போது இந்தியாவின் பிரதமர். அவர் பெயர் லால் பகதூர் சாஸ்திரி.

தமிழ்நாட்டுக்கு அவரை நன்றாகத் தெரியும். 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்து நடந்தபோது, அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகியவர். 1964 ஜூனில் அவர் பிரதமரானபோது காங்கிரஸ் தலைவராக இருந்து அந்தத் தேர்வை நடத்தி முடித்தவர் காமராஜர். சாஸ்திரியின் அமைச்சரவையில் உணவு, விவசாயத் துறையைக் கவனித்தவரோ பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி.சுப்பிரமணியம்.

அமராவதி நகர் பக்கம் போகிறவர்களுக்கு சாஸ்திரியின் ஞாபகம் வர இன்னொரு காரணமும் உண்டு. அவர் 1965-ல் கொடுத்த முழக்கம், 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்'. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் அந்த இரண்டுமே இருக்கின்றன. 1962-ல் தொடங்கிய சைனிக் பள்ளி ஒருபக்கம். உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம் வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் அமராவதி அணை இன்னொரு பக்கம்.

அப்படிப்பட்ட ஒருவர் வீட்டில் கார் வாங்கிய கதையை, அவருடைய மகன் அனில் சாஸ்திரி பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். கார் கடன் வாங்க யோசிக்கும் எந்தக் குடும்பமும் கேட்கவேண்டிய கதை அது.

கையில் 7,000... விலை 12,000

பிரதமருக்கு அரசாங்க கார் உண்டு. எப்போதாவது பிள்ளைகளும் அதில் போவது உண்டு. ஆனால், சொந்த வேலைக்கு அதை வாடிக்கையாகப் பயன்படுத்த சாஸ்திரி அனுமதிக்கவில்லை.

இன்னொரு மகன் சுனில் சாஸ்திரி ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் இரவு அப்பாவுக்குத் தெரியாமல் அரசாங்க இம்பாலா காரை எடுத்துக்கொண்டு சுற்றிவிட்டு வந்தாராம். மறுநாள் அப்பா திட்டவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்டு, அதைச் சொந்த உபயோகம் என்று குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். அதற்கான பணத்தைக் கட்டிவிடும்படி மனைவி லலிதாவிடம் சொன்னார். அதன்பிறகு பிள்ளைகள் அந்தக் காரைத் தொடவில்லையாம்.

ஆக, சொந்த கார் ஒன்றுதான் வழி. விலை விசாரித்தார்கள். 1964 மாடல் ஃபியட், 12,000 ரூபாய். வங்கிக் கணக்கில் இருந்தது 7,000 ரூபாய். மீதி 5,000 ரூபாய்க்கு பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனுக்கு விண்ணப்பித்தார் பிரதமர். அன்றைக்கே கடன் கிடைத்துவிட்டது. டி.எல்.இ. 6 என்ற பதிவு எண்ணோடு ஃபியட் வீட்டுக்கு வந்தது.

விலையில் பாதிக்கும் மேலே, அதாவது நூற்றுக்கு 58 ரூபாய், கைப்பணம். கடன் 42 ரூபாய்தான். இன்றைக்கு எந்த வங்கி மேலாளரும் 'பத்திரமான கடன்' என்று சொல்லக்கூடிய கணக்கு இது.

மூன்றில் ஒன்று

சாஸ்திரி குடும்பம் எப்படி ஃபியட்டைத் தேர்ந்தெடுத்தது என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை என்பதுதான் பதில். 1950-களின் நடுவிலேயே ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டும் இங்கே காரைப் பொருத்தி விற்கும் வேலையை நிறுத்திவிட்டுப் போயிருந்தன. உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் வைத்திருந்த நிறுவனங்களுக்கு மட்டுமே அரசு அனுமதி கொடுத்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு அப்படி.

மிஞ்சியவை முக்கியமாக மூன்று. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர். பம்பாய் குர்லாவில் தயாரான ஃபியட். 1961-ல் இருந்து நம் சென்னைப் பக்கத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

மூன்றுக்கும் தனித்தனி ரசிகர்கள் உண்டு. வீட்டில் ஆள் அதிகம், மண் ரோட்டில் தோட்டத்துக்கும் போகவேண்டும் என்றால் அம்பாசடர். "நம்ம ரோட்டுக்கு அதுதானுங்க தாங்கும்" என்று சொல்லும் பெரியவர்கள் கொங்கு நாட்டில் இன்றும் உண்டு. முன்சீட்டு நீளமான பெஞ்சு என்பதால் குழந்தைகளோடு சேர்த்து எத்தனை பேர் ஏறினார்கள் என்று யாரும் எண்ணியதில்லை. டிரைவர் வைக்காமல் தானே ஓட்டுகிறவர்கள், பெட்ரோல் செலவைப் பார்க்கிறவர்கள் ஃபியட் பக்கம் சாய்ந்தார்கள். அம்பாசடரின் இன்ஜின் 1,489 சி.சி., ஃபியட் 1100-ன் இன்ஜின் 1,089 சி.சி. இரண்டிலுமே கியர், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில். ஹெரால்டோ பார்க்க அழகு. முன்பக்க பானெட் முழுவதும் அப்படியே முன்னால் சாய்ந்து திறக்கும். அதைத் திறந்தால் தெருப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள்.

ஆனால், பிடித்த காரைச் சொன்னால் மட்டும் போதாது. முன்பணம் கட்டிப் பதிவுசெய்து, வரிசையில் காத்திருக்க வேண்டும். வருஷக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். 1959-லேயே கார் விநியோகத்துக்கு அரசு கட்டுப்பாட்டு ஆணை போட்டது. 1969-ல் விலையையே அரசு நிர்ணயிக்க, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தங்கள் முறை வந்ததும், வண்டியைத் தொடாமலேயே அந்த உரிமையை மேல்விலைக்குக் கைமாற்றிவிட்டவர்களும் உண்டு.

இத்தனைக்கும், நம் பக்கத்துக்கு மோட்டார் வண்டி புதிது இல்லை. ஜி.டி.நாயுடு 1920-ல் தன் முதல் பஸ்ஸை ஓட்டியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே, இந்த உடுமலை வழியில்தான். பஸ் வந்து நாற்பது வருஷத்துக்குப் பிறகும் வீட்டு வாசலில் சொந்த கார் நிற்பது பெரிய விஷயமாகவே இருந்தது. மில் முதலாளி, டாக்டர், பெரிய பண்ணையம் உள்ளவர்கள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். புது கார் வந்தால் முதலில் கோயிலுக்குப் போகும். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறும். பிறகு சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போகும். அடுத்த முகூர்த்தத்தில் ஊரில் யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும், மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த காரைக் கேட்டு வருவார்கள்.

தாஷ்கண்டிலிருந்து வந்த செய்தி

டெல்லியில் சாஸ்திரி வீட்டுக்கு ஃபியட் வந்து அதிக காலம் ஆகவில்லை. 1965-ல் பாகிஸ்தானோடு போர். நாட்டில் உணவுத் தட்டுப்பாடு. போர் முடிந்து சமாதானப் பேச்சுக்காக அன்றைய சோவியத் யூனியனில் இருந்த தாஷ்கண்டுக்குப் போனார் சாஸ்திரி. 1966 ஜனவரி 10-ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. 11-ம் தேதி அதிகாலையில் அங்கேயே அவர் உயிர் பிரிந்தது.

நாடு ஒரு பிரதமரை இழந்தது. அந்த வீட்டில் ஒரு பெண் கணவரை இழந்தார். கார் கடன் மட்டும் அப்படியே நின்றது.

அந்தக் கடனைக் கட்டியவர் லலிதா சாஸ்திரி. கணவர் இறந்தபிறகு தனக்கு வந்த பென்ஷன் பணத்திலிருந்து அடைத்ததாக அனில் சாஸ்திரி சொல்லியிருக்கிறார். காரையும் விற்கவில்லை. அந்த ஃபியட், டெல்லியில் சாஸ்திரி வாழ்ந்த வீட்டில் அமைந்திருக்கும் நினைவகத்தில் இன்றும் நிற்கிறது.

சாஸ்திரியின் நேர்மைக்கு உதாரணமாகவே இந்தக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அது சரிதான். ஆனால், கதையில் வரும் 5,000 ரூபாயைக் கட்டியவர் அவருடைய மனைவி. அரசாங்க காரின் கிலோமீட்டருக்குப் பணம் கட்டும் பொறுப்பு வந்து சேர்ந்ததும் அவரிடம்தான். கார் வேண்டும் என்று கேட்டது பிள்ளைகள், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது அப்பா, கடைசியில் கடனை முடித்தது அம்மா. நம் வீடுகளில் நகைக் கடனில் இருந்து மகளிர் குழுக் கடன் வரை எத்தனை கடன்கள் இப்படி முடிந்திருக்கின்றன என்று பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மாருதி வந்தது, வரிசை நீண்டது

அடுத்த பெரிய திருப்பம் 1983. மாருதி 800-க்கு முன்பதிவு தொடங்கியது. முன்பணம் 10,000 ரூபாய். கார் எப்படி ஓடும் என்று தெரியாமலேயே ஒரு லட்சம் பேருக்கு மேல் பணம் கட்டினார்கள். 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். குலுக்கலில் தேர்வாகி அதைப் பெற்றவர், டெல்லியைச் சேர்ந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். விலை 50,000 ரூபாய்க்கும் குறைவு. அவர் 2010-ல் காலமாகும் வரை அதே காரைத்தான் வைத்திருந்தார். 27 வருஷங்கள், ஒரே கார்! பிற்பாடு நிறுவனமே அந்த வண்டியைப் புதுப்பித்து, தன் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைத்தது.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி வேகம் பிடித்ததும் அந்த 1980-களில்தான். டி.வி.எஸ் 50-ல் துணி பண்டல் ஏற்றிக்கொண்டு போனவர்கள் சொந்தமாக நாலு மெஷின் போட்டார்கள். ஆர்டர் கூடியது. மாருதி வாங்கினார்கள். 1991-க்குப் பிறகு வெளிநாட்டு நிறுவனங்கள் வரிசையாக வந்தன. பதிவுசெய்து காத்திருந்த காலம் போய், 'வண்டி ரெடியா இருக்குங்க சார், எப்ப டெலிவரி எடுக்கறீங்க?' என்று ஷோரூமில் இருந்தே போன் வரும் காலம் வந்தது. ஸ்டாண்டர்டு நின்றுபோனது. ஃபியட்டின் வாரிசான பிரீமியர் பத்மினி நின்றுபோனது. மாருதி 800, அம்பாசடர் இரண்டுமே 2014-ல் உற்பத்தியை முடித்துக்கொண்டன.

இன்றைய கணக்கு

அன்று கடன் கிடைப்பது அரிது, கார் கிடைப்பது அதைவிட அரிது. இன்று இரண்டும் ஒரே மேஜையில் கிடைக்கின்றன. காரின் மொத்த விலைக்கும் கடன் தருகிறோம் என்று சொல்பவர்களும் உண்டு. அதனால் எந்த நிறம், எந்த மாடல் என்ற பேச்சு ஒரு மாதம் நடக்கிறது. கடன் பேச்சு பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. 8 லட்சம் ரூபாய் கடன், 9 சதவிகித வட்டி என்று வைத்துக்கொள்வோம். 5 வருஷத்தில் கட்டினால் மாதம் சுமார் 16,600 ரூபாய் டியூ. மொத்த வட்டி சுமார் 1.96 லட்சம். அதையே 7 வருஷமாக நீட்டினால் டியூ சுமார் 12,870 ரூபாயாகக் குறையும். ஆனால், வட்டி சுமார் 2.81 லட்சமாகிவிடும். 'டியூ கம்மிதானுங்க' என்ற ஒரு வார்த்தைக்குள் 85,000 ரூபாய் ஒளிந்திருக்கிறது.

திருப்பூர் வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பனியன் கம்பெனிகளில் சம்பளம் பெரும்பாலும் வாரக் கணக்கு. சீசனில் ஓவர்டைம் இருக்கும், ஆர்டர் குறைந்தால் ஷிப்ட்டும் குறையும். ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கு பில் பணம் எப்போது வரும் என்பது கட்சிக்காரரைப் பொறுத்தது. டியூ மட்டும் மாதம் தவறாமல் அதே தேதியில் வந்து நிற்கும். எனவே, நல்ல மாசத்து வருமானத்தை வைத்துக் கணக்குப் போடாமல், ஆர்டர் இல்லாத மாசத்து வருமானத்தில் இந்த டியூ தாங்குமா என்று பார்ப்பது நல்லது.

கையெழுத்துப் போடும் முன்

சாஸ்திரி குடும்பத்துக்கு நேர்ந்தது எந்தக் குடும்பத்துக்கும் நேரலாம். அதனால், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சில விஷயங்களைப் பேசிவிடுங்கள்.

முதலாவது, சம்பாதிப்பவர் இல்லாமல் போனால் கடன் என்ன ஆகும்? கடன் அப்படியே மறைந்துவிடாது. வாரிசுகள், இறந்தவரிடமிருந்து தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. ஆனால், மனைவியோ மகனோ கூட்டாகக் கடன் வாங்கியவராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டிருந்தால், முழுப் பாக்கிக்கும் அவர்களே பொறுப்பு. கட்டாவிட்டால் வண்டியை எடுத்துக்கொள்ளும் உரிமையும் கடன் கொடுத்தவருக்கு உண்டு. 'சும்மா ஒரு கையெழுத்து' என்று யார் சொன்னாலும், அது எந்த இடத்தில் போடும் கையெழுத்து என்று படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, காப்பீடு. கடன் தொகைக்குத் தனியாக ஆயுள் காப்பீடு சேர்க்கிறார்களா, அது கட்டாயமா, விருப்பமா, அதன் பிரீமியமும் கடனோடு சேர்ந்து வட்டி ஏறுகிறதா என்று கேளுங்கள். வெளியே ஒரு டேர்ம் பாலிசி எடுத்தால் எவ்வளவு ஆகும் என்றும் ஒப்பிட்டுப் பாருங்கள். கார் இன்ஷூரன்ஸில், உரிமையாளரே ஓட்டும்போது விபத்தில் இறந்தால் 15 லட்சம் ரூபாய் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று உண்டு. பாலிசியில் அது இருக்கிறதா, நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் அந்த பாலிசி எங்கே இருக்கிறது என்பதே அம்மாவுக்குத் தெரியாது.

மூன்றாவது, கடன் முடிந்தபிறகு. கடைசி டியூ கட்டியதோடு வேலை தீரவில்லை. ஆர்.சி. புக்கில் கடன் கொடுத்தவர் பெயர் இருக்கும். அவரிடம் என்.ஓ.சி-யும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஹெச்.பி. கேன்சல் செய்யவேண்டும். இதை விட்டுவிட்டு, பத்து வருஷம் கழித்து வண்டியை விற்கும்போது மூடப்பட்ட ஃபைனான்ஸ் கம்பெனியைத் தேடி அலைந்தால் நமக்குத்தான் சிரமம்.

நான்காவது, டியூவோடு வரும் மற்ற செலவுகள். பெட்ரோல், சர்வீஸ், வருஷாவருஷம் இன்ஷூரன்ஸ், டயர். இவை எல்லாவற்றையும் சேர்த்து மாதம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கார் வாங்கவேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மழையில் நனையாமல் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், வயதான அப்பாருவை முன்சீட்டில் உட்காரவைத்துப் பழனிக்குப் போய்வருவதும் எந்தக் குடும்பத்துக்கும் நியாயமான ஆசைதான். பிரதமர் வீட்டுப் பிள்ளைகளுக்கே இருந்த ஆசை அது.

பழைய கார்களைக் கண்ணால் பார்க்க டெல்லி வரை போகவேண்டியதில்லை. கோவை அவிநாசி ரோட்டில் ஜி.டி.நாயுடு பெயரிலான கார் அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறையில் தாத்தா பாட்டியையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள். உங்கள் குடும்பத்தின் முதல் கார் எது, யார் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று கேளுங்கள். தாத்தா மைலேஜில் இருந்து ஹாரன் சத்தம் வரை எல்லாம் சொல்வார்.

பிறகு, அந்த காருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பாட்டியிடம் தனியாகக் கேளுங்கள். அடகுவைத்த வளையல் திரும்பி வந்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.